சம்பந்தி பார்த்த கலசம்

கறுப்பு வண்ணம் அடித்த ஒரு பிளாஸ்டிக் குழாய். வீட்டு மாடியிலிருந்து மழைத்தண்ணீர் இறங்கப் போடுகிறார்களே, அந்தக் குழாய்தான். அதற்குள் கண்ணாடி வில்லைகளைப் பொருத்தி, மூன்று கால் ஸ்டாண்டில் ஏற்றி, சிதம்பரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் மொட்டை மாடியில் நிறுத்தியிருந்தார்கள். குழாயின் வாய் வடக்குக் கோபுரத்தைப் பார்த்து இருந்தது. கோபுரத்தின் உச்சிக் கலசத்தைத் தொட்டுவிடலாம் போலப் பார்க்கலாம் என்று பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் கூவிக்கொண்டிருந்தான். வரிசையில் எங்களுக்கு முன்னால் நின்ற பெரிய பேத்தி பார்த்துவிட்டு, பிளந்த வாயை மூடாமலே நகர்ந்தாள். அடுத்தவர் என் சம்பந்தி. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குனிந்தார். இடது கண்ணை இறுக்கி மூடி, வலது கண்ணைக் குழாயில் வைத்தார். கொஞ்ச நேரம் அசையவே இல்லை. பிறகு நிமிர்ந்து, “ஆகா! என்னா பளபளப்பு! கலசம் அப்படியே தங்கமா மின்னுது. பாருங்க சம்பந்தி, பாருங்க” என்று எனக்கு இடம் விட்டார்.

நான் குனிந்து பார்த்தேன். கும்மிருட்டு. கண்ணை மாற்றி வைத்துப் பார்த்தேன். அப்போதும் இருட்டுத்தான். நிமிர்ந்தபோது சம்பந்தி ஆவலோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஆமா சம்பந்தி, ஒவ்வொண்ணா எண்ணிடலாம் போல இருக்கு” என்றேன். எங்களுக்குப் பின்னால் நின்ற இரட்டைச் சடைக் குழந்தை ஒன்று குழாயின் முன்பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, “அண்ணா, மூடி போட்டிருக்கு” என்றது. பையன் நாக்கைக் கடித்துக்கொண்டான். பேத்தி நகர்ந்த பிறகு தூசி துடைத்தவன், பழக்க தோஷத்தில் மூடியையும் மாட்டிவிட்டான். மாடியே சிரித்தது. பெரியவள் மட்டும் சிரிக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, “ரெண்டு தாத்தாவும் மூடியவா பாத்தீங்க? அதுல கலசம் வேற மின்னுச்சா?” என்று கேட்டாள். அவள் அப்பாவைப் பெற்றவரும் அம்மாவைப் பெற்றவனும் தெருவை வேடிக்கை பார்த்தோம். மறுபடி வரிசையில் நிற்க சம்பந்திக்கு வெட்கம். நான் நின்றேன். கலசம் நிஜமாகவே நன்றாகத்தான் இருந்தது.

இரண்டு வயசானவர்கள் சேர்ந்து ஒரு மூடியை இப்படிப் புகழ்வார்களா என்று கேட்பவர்களுக்கு, சம்பந்தி உறவு வாய்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். பெண்ணைக் கொடுத்தவன் நான், எடுத்தவர் அவர். அவர் காபி நன்றாக இருக்கிறது என்றால் எனக்கும் நன்றாக இருக்கும். நான் மழை வரும் என்றால் அவர் வெயிலில் நின்றுகொண்டு ஆமாம் என்பார். எங்கள் விஷயத்தில் இந்த ஜாக்கிரதை கொஞ்சம் ஜாஸ்தி. நாங்கள் கடலூரில் மாதா கோயிலுக்குப் போகிற குடும்பம். அவர்கள் அண்ணாகிராமத்துப் பக்கம் முந்திரியும் பலாவும் வைத்திருக்கிற குடும்பம், வருஷம் தவறாமல் தீமிதிக்குக் காப்புக் கட்டுகிறவர்கள். பிள்ளைகள் இருவரும் விரும்பினார்கள். பெரியவர்கள் இறங்கி வர நாளாயிற்று. கடைசியில் அவர்தான் ஒருநாள் மொபெட்டின் முன்னால் ஒரு பலாப்பழத்தை வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றார். அன்று முதல் நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. என் பேச்சு தடித்தால் அது அங்கே என் மகளின் தட்டில் போய் விழும் என்று எனக்குப் பயம். அவருக்கு என்ன பயமோ, அவர் சொன்னதில்லை.

நான் அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவன். அதனால் பேத்திகளுக்கு நான் பஸ் தாத்தா, அவர் வண்டித் தாத்தா. சம்பந்தியம்மா போன பிறகு அவருக்கென்று வீட்டில் இருந்த ஒரே வேலை, காலையில் பேத்திகளைப் பண்ருட்டிப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் சாயங்காலம் கூட்டி வருவதும்தான். சின்னவள் முன்னால் நிற்பாள். பெரியவள் பின்னால் இரண்டு பையையும் மாட்டிக்கொண்டு உட்காருவாள். அதற்காக விடியற்காலையிலேயே எழுந்து மொபெட்டைத் துடைத்து, சின்னவள் நிற்கிற இடத்தில் ஒரு சாக்கை மடித்துப் போட்டுத் தயாராக இருப்பார். “இந்த வேல மட்டும் இல்லன்னா காலைல எதுக்கு சம்பந்தி எந்திரிக்கணும்?” என்று ஒருமுறை சிரித்துக்கொண்டே கேட்டார். சிரிப்புத்தான், ஆனால் அதை அவர் விளையாட்டாகக் கேட்கவில்லை என்று எனக்குத் தெரிந்தது.

அறிவியல் திருவிழா என்று பெரியவளின் டீச்சர் சொல்லியிருந்தார். ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் ஊர்க்காரர்களும் சேர்ந்து சிதம்பரத்தில் நடத்துகிறார்கள், யார் வேண்டுமானாலும் வரலாம், எதையும் தொட்டுப் பார்க்கலாம். தொட்டுப் பார்க்கலாம் என்ற ஒரு வார்த்தைக்காகவே பெரியவள் வீட்டை ஒரு வழி பண்ணிவிட்டாள். மகளுக்கும் மருமகனுக்கும் லீவு இல்லை. சம்பந்தி, “நான் கூட்டிட்டுப் போறேன்” என்று முன்வந்தார். சிதம்பரம் நான் பல வருஷம் ஓட்டிய தடம் என்பதால் நானும் சேர்ந்துகொண்டேன். அன்று காலையில் அவர் இரண்டு பேத்திகளையும் மொபெட்டில் ஏற்றிக்கொண்டு கடலூர் வரைக்கும் வந்து, வண்டியை எங்கள் வாசலில் நிறுத்தினார். வலது பக்கக் கண்ணாடி உடைந்து தொங்கிக்கொண்டிருந்தது. “வர்ற வழில ஒரு மாட்டு வண்டிக்காரன் ஒரசிட்டான்” என்றார். “மாட்டு வண்டிக்காரனுங்களுக்குப் பொறுப்பே கெடையாது சம்பந்தி” என்று நானும் சொன்னேன்.

பேருந்தில் டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் உட்கார்ந்தோம். அந்த இடத்தில் உட்கார்ந்தால் வழியெல்லாம் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வரும். சின்னவளுக்கு அது பெரிய வேடிக்கை. குடிகாட்டு ரசாயன ஆலைகள் வந்ததும் பிள்ளைகள் இருவரும் வழக்கம்போல் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எவ்வளவு நேரம் மூச்சை அடக்குவது என்று பந்தயம். அதைத் தாண்டி ஒரு ரயில்வே கேட்டில் பேருந்து நின்றபோது, தாகம் என்றாள் சின்னவள். சம்பந்தி பாட்டிலைத் திறந்து தம்ளரில் ஊற்றினார். தண்ணீர் தம்ளருக்குப் பக்கத்தில், என் முழங்காலில் விழுந்தது. “பஸ்சு என்னா குலுங்கு குலுங்குது!” என்றார். “ஆமா சம்பந்தி, ரோடு சரியில்ல” என்றேன். கேட் மூடியிருந்ததால் வண்டியை அணைத்துவிட்டு, டிரைவர் கீழே இறங்கி நின்றுகொண்டிருந்தார். பெரியவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கால் தரையில் பாவவில்லை. ஒவ்வொரு வகுப்பறையிலும் ஒரு வித்தை. ஒரு அறையில் வெங்காயத் தோலையும் வெள்ளாற்றுத் தண்ணீரின் ஒரு சொட்டையும் நுண்ணோக்கியில் காட்டினார்கள். மைதானத்தில் சோடா பாட்டிலில் காற்றடித்து ராக்கெட் விட்டார்கள், அது வேப்ப மரத்தில் சிக்கிக்கொண்டது. அதை எடுக்க ஒரு கணக்கு வாத்தியார் மரம் ஏறினார். இன்னொரு அறையில் ஒரு பெண் எரிகிற கற்பூரத்தை நாக்கில் வைத்துக் காட்டி, இது எப்படி முடிகிறது என்று விளக்கி, வாருங்கள் நீங்களும் வையுங்கள் என்று கூப்பிட்டாள். சம்பந்தி குழந்தை மாதிரி முதல் ஆளாக ஓடிப்போய் வைத்துக்கொண்டார். “எங்க ஊர்ல இத வெச்சு ஒருத்தன் ரொம்ப நாளா ஊர ஏமாத்திட்டிருக்கான். போயி அவன ஒரு கை பாக்கணும்” என்று நாக்கை நீட்டிக்கொண்டே சொன்னார். எல்லா அறையின் கதவிலும் ஒரே வாசகம் ஒட்டியிருந்தது: சொன்னால் நம்பாதே, செய்து பார். எங்கள் காலத்தில் பள்ளிக்கூடத்தில் எழுதி வைத்திருந்ததற்கு நேர் எதிர் இது. எனக்கு அது பிடித்திருந்தது. ஊருக்கு ஊர் இப்படி நாலு பேர் கிளம்பினால் இந்தப் பிள்ளைகளை யாரும் லேசில் ஏமாற்ற முடியாது என்று ஒரு தெம்பு வந்தது. மொட்டை மாடியில் மூடியைப் புகழ்ந்துவிட்டு இறங்கியது அதற்குப் பிறகுதான்.

கீழே கடைசி அறை கண்ணைப் பற்றியது. மேசைக்குப் பின்னால் ஒரு பல்கலைக்கழக மாணவி உட்கார்ந்திருந்தாள். ஆளுக்கொரு அட்டை கொடுத்தாள். அட்டையில் இடப்பக்கம் ஒரு கூட்டல் குறி, வலப்பக்கம் ஒரு கறுப்புப் புள்ளி. “இடது கண்ண உள்ளங்கையால மூடிக்குங்க. வலது கண்ணால கூட்டல் குறிய மட்டும் பாருங்க. அப்டியே அட்டையக் கிட்ட கொண்டுவாங்க. ஒரு எடத்துல புள்ளி காணாமப் போயிடும். எல்லார் கண்ணுலயும் பார்வையில்லாத எடம் ஒண்ணு இருக்கு, அது இருக்கறதே நமக்குத் தெரியாது” என்றாள். பெரியவளுக்குப் புள்ளி மறைந்தது, கத்தினாள். எனக்கும் மறைந்தது. இத்தனை வருஷம் வண்டி ஓட்டியிருக்கிறேன், என் கண்ணிலேயே ஒரு ஓட்டை இருப்பது எனக்குத் தெரியாது. சம்பந்தியும் அட்டையைப் பிடித்தார். இடது கண்ணை மூடினார். அட்டையைக் கிட்டே கொண்டுவரக்கூட இல்லை.

“எனக்கு அட்டையே மறைஞ்சிடுச்சும்மா!” என்று சந்தோஷமாகக் கத்தினார். “புள்ளி மட்டும் இல்ல, எல்லாமே போச்சு. ஒரே வெள்ளப் பொகையா இருக்கு. சம்பந்தி, எனக்கு ஒங்களவிட நல்லா வருது!”

அந்தப் பெண் சிரிக்க ஆரம்பித்து, நிறுத்திக்கொண்டாள். எழுந்து வந்து அவர் முகத்துக்கு முன்னால் கையை ஆட்டினாள். அவர் அசையவில்லை. “தாத்தா, கண்ண மாத்தி மூடுங்க” என்றாள். மாற்றி மூடினார். இப்போது அட்டை தெரிந்தது, கூட்டல் குறி தெரிந்தது, அவள் கம்மல்கூடத் தெரிந்தது. மறுபடி மாற்றச் சொன்னாள். மறுபடி வெள்ளைப் புகை. சம்பந்தியின் முகத்தில் இருந்த சந்தோஷம் மெல்ல மெல்ல இறங்கியதை நான் பார்த்தேன். “தாத்தா, இது சோதனையில வர்றது இல்ல. வலது கண்ண சீக்கிரமா டாக்டர்கிட்ட காமிங்க” என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். “காமிக்கலாம், காமிக்கலாம்” என்று அட்டையை மேசைமேல் வைத்தார். அது மேசை ஓரத்தில் பட்டுக் கீழே விழுந்தது. பெரியவள் குனிந்து எடுத்தாள்.

கீழ வீதியில் ஒரு டீக்கடையில் பிள்ளைகளுக்குப் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டு, சம்பந்தி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “மாடியில எனக்கு ஒண்ணுமே தெரியல சம்பந்தி. ஒங்க ரூட்டு, நீங்க ஆசையா கூட்டிட்டு வந்தீங்க. தெரியலன்னா ஒங்க மனசு நோவுமேன்னு சொன்னேன்” என்றார். எனக்கும் தெரியவில்லை என்று சொன்னேன். இருவரும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு குரலைத் தாழ்த்தி, “இந்தக் கண்ணு சமாச்சாரம் ஊட்ல தெரிய வேணாம். தெரிஞ்சா வண்டியப் புடுங்கிடுவாங்க. எங்க தெருவுல ஒருத்தரு, கண்ணுல கத்தி வெச்சதோட வாசலத் தாண்டல. எனக்கு அந்தக் கதி வேணாம். நீங்க பெரிய மனசு பண்ணணும்” என்றார். இத்தனை வருஷத்தில் அவர் என்னிடம் கேட்ட முதல் உதவி அது. சம்பந்தி கேட்டால் சரி என்றுதான் சொல்ல வேண்டும். நான் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. பஸ்சுக்கு நேரமாகிறது என்றேன்.

திரும்பும் வழியில் சின்னவள் அவர் மடியிலேயே தூங்கிப்போனாள். என் கால் பிரேக்கை மிதிக்கவில்லை. நான் மனசுக்குள் வேறொரு ரோட்டில் ஓட்டிக்கொண்டிருந்தேன். அண்ணாகிராமத்திலிருந்து பண்ருட்டிக்குப் போகிற ரோடு. காலை நேரம். எதிரே கரும்பு லாரி, வலது பக்கத்தில் ஏறி வருகிற வேன், வெள்ளைக் கோடு அழிந்த வேகத்தடை. வேலையில் இருந்தவரை எங்களுக்குக் கண் பரிசோதனை நடக்கும். ஒரு கண்ணால் மட்டும் பார்க்கிறவனுக்கு இருபது அடிக்கும் பத்தடிக்கும் வித்தியாசம் பிடிபடாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தண்ணீர் ஏன் தம்ளருக்கு வெளியே விழுந்தது, கண்ணாடி ஏன் வலது பக்கமே உடைந்தது என்று இப்போது எல்லாம் வரிசையாக வந்து நின்றன. அந்த வண்டியின் முன்னால் சாக்கின்மேல் நின்றுகொண்டு போகிறவள்தான் இப்போது அவர் மடியில் தூங்குகிறவள். பேசாமல் இருந்தால் பிள்ளைகளுக்கு ஆபத்து. பேசினால் என் மகள் அந்த வீட்டில் இருந்தாக வேண்டும். கடலூர் வரும்வரை இதே யோசனைதான்.

வீட்டு வாசலில் இறங்கியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் மனைவி சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள். “இருட்டறதுக்குள்ள போயிடறோம்மா” என்று சம்பந்தி மொபெட்டின் ஸ்டாண்டைத் தள்ளினார். பெரியவளைக் கூப்பிட்டார். அவள் நகரவில்லை. என்னைப் பார்த்தாள்.

“சம்பந்தி, புள்ளைங்கள ஒங்க வண்டியில ஏத்த மாட்டேன்” என்றேன்.

சொன்ன பிறகுதான் எவ்வளவு சத்தமாகச் சொல்லிவிட்டேன் என்று தெரிந்தது. என் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது.

“என்னா சொன்னீங்க?” என்றார் சம்பந்தி.

“ஏத்த மாட்டேன்னு சொன்னேன். நீங்க கோவிச்சிக்கிட்டாலும் பரவால்ல.”

“எங்க ஊட்டுப் புள்ளைங்க. தெனமும் நான்தான் கொண்டுபோயி உடறேன். இன்னைக்கி வரைக்கும் ஒரு கீறல் பட்டிருக்கா? வருஷக்கணக்கா பஸ் ஓட்டிட்டா ரோடு ஒங்களுதாயிடுமா?” என்று அவரும் சத்தம் போட்டார். என் மனைவி இடையில் புகுந்து, “அவரு ஏதோ டிரைவர் புத்தியில ஒளர்றாரு, நீங்க மனசுல வெச்சிக்காதீங்க” என்று கெஞ்சினாள். நான் வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். வேறு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை.

அப்போது பெரியவள்தான் பேசினாள். அழவும் இல்லை, கோபப்படவும் இல்லை. “வண்டித் தாத்தா, பஸ் தாத்தா சொல்றத நம்பாதீங்க. அந்தக்கா சொன்னதையும் நம்பாதீங்க. அங்க அட்டையில செஞ்சீங்கல்ல, இங்க ஒரு வாட்டி நீங்களே செஞ்சி பாருங்க” என்றாள்.

அவர் அவளை முறைத்தார். பிறகு என்னிடம் எதையோ நிரூபிக்கிறவர் மாதிரி நிமிர்ந்து நின்று, இடது கண்ணை உள்ளங்கையால் மூடினார். தெருவைப் பார்த்தார். எங்கள் வாசலைப் பார்த்தார். தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பினார். தூக்கம் கலைந்த சின்னவள் அவருக்கு நேர் எதிரில், ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள். கண்ணைப் பொத்திக்கொண்ட தாத்தாவைப் பார்த்ததும் அவளுக்குக் கண்ணாமூச்சி ஞாபகம் வந்துவிட்டது. வாயைப் பொத்திக்கொண்டு அசையாமல் நின்றாள்.

“பாப்பா எங்க?” என்றார்.

சின்னவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தோளைக் குலுக்கினாள்.

“பாப்பா, எங்கம்மா இருக்க?” என்று வலது கையைக் காற்றில் நீட்டித் துழாவினார். கை அவள் தலைக்கு மேலாகப் போயிற்று. இன்னொரு முறை துழாவினார். அவள் குனிந்துகொண்டாள். பிறகு அவர் உள்ளங்கையைக் கண்ணிலிருந்து எடுத்தார். அவள் அங்கேயே, அவர் வேட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“தாத்தா தோத்துட்டாரு! தாத்தா தோத்துட்டாரு!” என்று சின்னவள் கைதட்டிக் குதித்தாள்.

அவர் அவளைத் தூக்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அவள் கழுத்தில் முகத்தை வைத்துக்கொண்டு நின்றார். பிறகு வண்டியிலிருந்து சாவியை உருவி, என்னிடம் தராமல், என் மனைவியின் கையில் வைத்து, “சோறு போடுங்கம்மா, பசிக்குது” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அன்று இரவு எங்கள் வீட்டில்தான் தங்கினார்கள். என்னோடு அவர் பேசவில்லை. மறுநாள் நான் பேருந்தில் மூன்று பேரையும் கொண்டுபோய் விட்டு வந்தபோதும் பேசவில்லை. இறங்கும்போது மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார்.

அந்த வாரமே மகள் போன் செய்தாள். திட்டத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்து, போனைக் காதில் வைக்காமல் கொஞ்சம் தள்ளியே பிடித்திருந்தேன். அவள் அழுதாள். “எனக்குத் தெரியும்பா. தண்ணி தெனமும் வெளிலதான் ஊத்துவாரு. படில வலது பக்கமாவே இடிச்சிப்பாரு. மருமவ நான் எப்படிப்பா சொல்றது?” என்றாள். மருமகன் இன்னொரு பக்கம், உடைந்த வண்டிக் கண்ணாடியை யாரிடமும் சொல்லாமல் தானே மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறான். வீட்டில் ஆளுக்கொரு துண்டு தெரிந்திருக்கிறது. ஒருத்தருக்கொருத்தர் மரியாதையில் யாரும் வாயைத் திறக்கவில்லை. வேடிக்கை என்னவென்றால், அவரவர் செய்தது சம்பந்திமேல் இருந்த பிரியத்தினால்தான்.

டாக்டர் பார்த்துவிட்டு, முற்றிய புரை, எடுத்துவிட்டு லென்ஸ் வைத்தால் சரியாகிவிடும், இன்னும் தள்ளிப் போட்டிருந்தால்தான் சிக்கல் என்றார். “அப்புறம் வண்டி ஓட்டலாமா?” என்றுதான் சம்பந்தி முதலில் கேட்டார். “நல்லா பாத்து ஓட்டலாம்” என்றார் டாக்டர். அந்த ஒரு பதிலில் அவருக்குப் பாதிக் கண் திரும்பிவிட்டது. இப்போது மறுபடியும் அவர்தான் பேத்திகளைக் கொண்டுபோய் விடுகிறார். ஆனால் ஒரு புதுச் சட்டம் வந்திருக்கிறது. வண்டியில் ஏறுவதற்கு முன்னால் சின்னவள் எதிரே நின்று விரல்களைக் காட்டுவாள். அவர் ஒரு கண்ணை மூடி எத்தனை என்று சொல்ல வேண்டும், பிறகு மறு கண். சரியாகச் சொன்னால்தான் வண்டி கிளம்பும். இந்த வருஷத் திருவிழாவில் கண் அறைக்குத் தான்தான் வாலண்டியர் என்று பெரியவள் டீச்சரிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறாள். அந்த மேசைக்கு வருகிறவர்கள் தப்ப முடியாது.

அந்த ஆபரேஷன் கதையையும் சொல்லிவிடுகிறேன். புதுச்சேரிப் பக்கம் ஒரு கண் மருத்துவமனையில் நடந்தது. மருமகனுக்கு ஒரு நாள்தான் லீவு கிடைத்தது. இரவு யார் கூட இருப்பது என்ற பேச்சு வந்தபோது, நான் இருக்கிறேன் என்றேன். சம்பந்தியைச் சம்பந்தி பார்த்துக்கொள்வதா என்று என் மனைவிகூடத் தயங்கினாள். அவர் கையைப் பிடித்துக் கழிப்பறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தலையைக் குனியக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் இட்லியைப் பிட்டு வாயில் கொடுத்தேன். “ஒங்களுக்கு எதுக்கு சம்பந்தி இந்த வேல?” என்று ஒவ்வொரு முறையும் கேட்டார், ஒவ்வொரு முறையும் வாயைத் திறந்தார். காலையில் சீக்கிரமே கட்டைப் பிரிக்கப் போகிறோம் என்று வந்து சொல்லிவிட்டார்கள். நான் அவசர அவசரமாகக் குளித்துச் சட்டையை மாட்டிக்கொண்டு ஓடினேன். வரிசையில் நின்றேன், நர்ஸிடம் பேசினேன், கேன்டீனில் காபி வாங்கினேன், டாக்டருக்கு வணக்கம் சொன்னேன்.

டாக்டர் கட்டைப் பிரித்து, இடது கண்ணைத் தன் கையால் மறைத்தார். “என்ன தெரியுது, சொல்லுங்க” என்றார். சம்பந்தி மெதுவாக வலது கண்ணைத் திறந்தார். தண்ணீர் வழிந்தது. சிமிட்டினார். ஜன்னலைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், பிறகு எதிரே நின்ற என்னைப் பார்த்தார். தலையிலிருந்து கால்வரை நிதானமாகப் பார்த்தார். “தெரியுதா சம்பந்தி?” என்று கேட்டேன்.

“சம்பந்தி,” என்றார், “ஒங்க சட்டையில பட்டன மாத்திப் போட்டிருக்கீங்க.”

குனிந்து பார்த்தேன். ஆமாம், ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி, காலையிலிருந்து அந்தக் கோலத்தில்தான் ஆஸ்பத்திரி முழுக்க நடந்திருக்கிறேன். யாரும் சொல்லவில்லை.

“அது மட்டும் இல்ல,” என்றார் சம்பந்தி, கண்ணைத் துடைக்காமல். “ஒங்க ஊட்டுக் கொழம்புல எப்பவும் உப்பு ஜாஸ்தி. ரொம்ப நாளா சொல்லணும்னு இருந்தேன்.”